விக்டோரியா காலத்து உடை தைக்கப் போகிறீர்களா? பட்டு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்

இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்துப் பெண்கள் உடுத்தியது போல ஒரு முழு உடையை, உள்ளே இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட்டிலிருந்து வெளியே தெரியும் கவுன் வரைக்கும், வீட்டிலேயே தைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தைத்து முடித்துவிட்டேன். அதற்கு ஏறக்குறைய ஒரு வருட மாலைப்பொழுதுகளும் 430 பவுண்டும் செலவாயின. அந்தப் பணத்தில் பாதி வீண். இடையில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு மாதம் தையல் மெஷின் பக்கமே போகாமல் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து "இதை இப்போது வாங்காதே, அதை முதலில் செய்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. அந்த ஆளாக உங்களுக்கு நான் இருக்கலாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எனக்குத் தையல் புதிதில்லை. ஊரில் தையல் வகுப்புக்குப் போனவள். இங்கே வந்த பிறகும் தெரிந்தவர்களுக்குப் பிளவுஸ், சுடிதார், பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை என்று தைத்துக்கொடுக்கிறேன். நாங்கள் இருப்பது கென்ட்டில், மெட்வே ஆற்றங்கரை ஊர்களில் ஒன்றில். ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் சிறுவனாக இருந்த சாத்தம் இங்கேதான். அவர் 1870 ஜூனில் இறந்த காட்ஸ் ஹில் வீடும் பக்கத்தில்தான். அவர் நினைவாக ராச்செஸ்டரில் கோடைகாலத்தில் திருவிழா நடக்கும். ஹை ஸ்ட்ரீட் முழுக்க அந்தக் கால உடையில் ஆட்கள் நடப்பார்கள். வருடாவருடம் வேடிக்கை பார்த்துப் பார்த்து, நாமும் ஒரு தடவை அப்படி நடக்க வேண்டும், அதுவும் கடையில் வாங்கிய வேஷத்துணி போடாமல், நானே தைத்ததைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் இதில் ஈடுபாடு இல்லை. தெரிந்த தமிழ்ப் பெண்களில் யாரும் இதைச் செய்ததில்லை. எல்லாவற்றையும் தனியாகத்தான் தேடினேன்.

முதலில் எந்த வருடத்து உடை என்று முடிவு செய்யுங்கள். விக்டோரியா 1837 முதல் 1901 வரை ராணியாக இருந்தார். அதற்குள் பெண்களின் உருவமே பலமுறை மாறிவிட்டது. 1850களில் பாவாடை வட்டமாக விரிந்தது. 1856-ல் எஃகு வளையங்களால் ஆன கிரினோலினுக்கு, அதாவது பாவாடைக்குள் கட்டும் கூண்டுக்கு, காப்புரிமை வாங்கினார்கள், அதன் பிறகு இன்னும் அகன்றது. 1860களில் முன்பக்கம் தட்டையாகி, அகலம் பின்னால் தள்ளிப் போனது. 1870 வாக்கில் அது இடுப்புக்குப் பின்னால் குவிந்தது; அதைத் தூக்கி நிறுத்த உள்ளே கட்டும் சட்டத்துக்குப் பஸ்ஸில் (bustle) என்று பெயர். அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் பஸ்ஸில் மறைந்து உடை உடம்போடு ஒட்டியது. 1880களின் நடுவில் பஸ்ஸில் முன்னைவிடத் தூக்கலாகத் திரும்பி வந்தது. 1890களில் அதுவும் போய், தோளில் பெரிய உப்பல் கை வந்தது. இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு உருவத்துக்கும் உள்ளே இருக்கும் சாமான் வேறு. 1885-க்கான கார்செட்டையும் பஸ்ஸிலையும் செய்துவிட்டு அதன்மேல் 1862-ன் கவுனைப் போட்டால் எதுவும் எதனோடும் உட்காராது. நான் எடுத்துக்கொண்டது 1871. டிக்கன்ஸ் இறந்ததற்கு அடுத்த வருடம், கிரினோலின் அளவுக்குக் கதவில் இடிக்காது, பார்க்கவும் அழகு.

அடுத்து எல்லாருடைய கண்ணும் துணிக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான். 'சுத்தமான பட்டு டாஃபெட்டா, கடைசி ரோல்' என்று ஆன்லைனில் ஒரு கடை போட்டிருந்தது. மயில்கழுத்து நிறம். 9 மீட்டர், மீட்டர் 18 பவுண்டு, மொத்தம் 162. இங்கே பட்டுக்கு அது மலிவு. துணி வந்ததும் கையில் எடுத்தபோதே ஏதோ உறுத்தியது. நம் ஊரில் பட்டுப்புடவைக் கடையில் பெரியவர்கள் செய்வது போல, ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி நெருப்பில் காட்டினேன். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும், மிஞ்சும் சாம்பல் விரலில் பொடியும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது. முழுக்கப் பாலியஸ்டர். கேட்டால், அளந்து வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. 162 பவுண்டு எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துணியாக இருந்தாலும் முதலில் மாதிரித் துண்டு வரவழைத்து எரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பவுண்டுதான் ஆகும். பல நல்ல கடைகள் இலவசமாகவே அனுப்பும். இன்னொன்று இதைவிட முக்கியம்: மேல் துணியைக் கடைசியில் வாங்குங்கள். சிம்மீஸ், கார்செட், பஸ்ஸில், உள்பாவாடை, இவை நான்கும் முடிந்து, அவற்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் கவுனுக்கு அளவு எடுக்க முடியும். அதற்கு முன் உங்களுக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்பதே சரியாகத் தெரியாது. உள்ளே இருப்பது சரியாக இருந்தால் சாதாரணப் பருத்தித் துணியில் தைத்த கவுன்கூட அந்தக் காலத்துப் படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி நிற்கும். உள்ளே இருப்பது தப்பு என்றால் அசல் பட்டாலும் காப்பாற்ற முடியாது. பணத்தை உள்ளே போடுங்கள்.

சிம்மீஸ் சுலபம். மெல்லிய பருத்தியில் தொளதொளவென்று முழங்கால் வரை வரும், ஒரு சாயங்காலத்தில் தைத்துவிடலாம். இரண்டாகத் தைத்து வையுங்கள், வியர்வையை வாங்கிக்கொள்வது அதுதான். கார்செட் ஒருநாளும் வெறும் உடம்பின்மேல் படக் கூடாது.

இனி கார்செட். பிளவுஸ் தைத்த கைக்கு இங்கேதான் பெரிய அதிர்ச்சி. பிளவுஸில் நாம் உடம்பின் அளவோடு மூச்சுவிட, கை தூக்கக் கொஞ்சம் சேர்த்து வெட்டுவோம். கார்செட்டில் கணக்கு தலைகீழ். உடம்பைவிடச் சின்னதாக வெட்ட வேண்டும். என் இடுப்பு 33 அங்குலம். கட்டியபின் 30 வர வேண்டும் என்று வைத்தேன். முதுகில் கயிறு கோக்கும் இடத்தில் 2 அங்குல இடைவெளி விட வேண்டும் என்பதால் துணியில் வெட்டும் இடுப்பு 28. அந்த இடைவெளி அவசியம். அது இல்லாமல் வெட்டினால், துணி கொஞ்சம் இளகியதும் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும், அப்புறம் இறுக்க வழி இல்லை. முதல் கார்செட்டுக்கு 2 அல்லது 3 அங்குலத்துக்கு மேல் குறைக்காதீர்கள். இடுப்பை மட்டும் குறைத்து, மார்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடம் தாராளமாக விட்டாலே உருவம் வந்துவிடும்.

அசல் துணியில் கை வைக்கும் முன் காடாத் துணியில் ஒன்று வெட்டிப் போட்டுப் பாருங்கள். மெல்லிய காடா வேண்டாம், இழுத்தால் நீண்டு பொய் அளவு காட்டும். திரைச்சீலை, பை தைக்கும் முரட்டு ரகம் வேண்டும். வெறுமனே துணியை மட்டும் தைத்துப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, நாலா பக்கமும் சுருங்கி மேலே ஏறிக்கொள்ளும். கார்செட்டை விறைப்பாக நிறுத்தும் கம்பிகளை வெளிப்பக்கம் டேப் ஒட்டி நிறுத்த வேண்டும், முதுகில் கயிறு கோத்து இறுக்கியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐலெட், அதாவது கயிறு கோக்கும் உலோகக் கண், அடிப்பது கட்டுப்படியாகாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஐலெட் அடித்த இரண்டு பட்டைகளைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதிரியிலும் ஓட்டுத்தையல் போட்டு இணைத்துப் பார்த்துவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இந்த ஒரு யோசனை முதலிலேயே கிடைத்திருந்தால் எனக்குப் பல வாரம் மிச்சமாகியிருக்கும்.

மாதிரியைப் போட்டுக்கொண்டு கெட்டியான நாற்காலியில் உட்காருங்கள். நிற்கும்போது எல்லாமே சரியாகத்தான் தெரியும். உட்கார்ந்தபின் கீழ் விளிம்பு தொடையில் குத்துகிறதா, மேல் விளிம்பு மார்பைத் தாடை வரைக்கும் தள்ளுகிறதா என்று பாருங்கள். என்னைப் போல மார்புக்கும் இடுப்புக்கும் இடையில் நீளம் குறைந்தவர்களுக்கு ஐரோப்பிய அளவில் வரைந்த பேட்டர்ன் கட்டாயம் இடிக்கும். காகிதத்தை இடுப்புக் கோட்டுக்கு மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு என்று மடித்துச் சுருக்க வேண்டும். அடியில் மட்டும் வெட்டிக் குறைத்தால் இடுப்பு வளைவு தவறான இடத்தில் விழும்.

துணிக்கு வருகிறேன். கார்செட்டுக்கென்றே நெய்யும் துணி கூட்டீல். நெருக்கமான பருத்தி, மேலே மீன்முள் வடிவில் நெசவு தெரியும், எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்காது. நான் முதலில் கூட்டீல் என்ற பெயரில் மீட்டர் 14 பவுண்டுக்கு 2 மீட்டர் வாங்கினேன். வந்தது பாலியஸ்டர் கலந்த ஏதோ ஒரு ட்வில். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. முழுக்கத் தைத்து முடித்து, கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் இடுப்பு ஒரு அங்குலத்துக்கு மேல் இளகி, முதுகு இடைவெளி மூடிக்கொண்டது. துணி மட்டும் போகவில்லை, அதில் போட்ட உழைப்பும் போனது. அசல் கூட்டீல் எனக்கு மீட்டர் 22 பவுண்டுக்குக் கிடைத்தது, ஒன்றரை மீட்டர் போதுமானதாக இருந்தது. நல்ல கூட்டீல் ஒரு அடுக்கு, சுமாரான துணி இரண்டு அடுக்கைவிடத் தாங்கும். பாவு நூல் எந்தத் திசையில் போகிறது என்று பேட்டர்னில் அம்புக்குறி இருக்கும், துணி மிச்சம் பிடிக்க அதைத் திருப்பி வைத்து வெட்டாதீர்கள். உள்பக்கம் இடுப்புக் கோட்டில் ஒரு அங்குல அகலக் கெட்டி நாடாவை முன்னிருந்து பின் வரை வைத்துத் தையுங்கள். இறுக்கும் விசையை வாங்குவது அந்த நாடாதான்.

அந்தக் காலத்தில் கார்செட்டுக்குள் திமிங்கிலத்தின் வாயில் வளரும் பலீன் தகட்டைக் கீற்றாக வெட்டி வைத்தார்கள், எஃகும் வைத்தார்கள். இப்போது அதற்குப் பதிலாக ஜெர்மனியில் தயாராகும் ஒரு செயற்கைப் பலீன் கிடைக்கிறது, அது நல்ல சாமான்தான். சாதாரணத் துணிக்கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வேறு, அதைத் தொடவே தொடாதீர்கள். உடம்புச் சூட்டில் இடுப்பில் மடிந்து, மடிந்த இடம் விலாவில் குத்தும். எனக்கு வலது விலாவில் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. முதுகில் ஐலெட் வரிசையின் இரு பக்கமும் தட்டையான ஸ்பிரிங் ஸ்டீல், வளைந்த தையல்களில் சுருள் கம்பியாலான ஸ்பைரல் ஸ்டீல் என்று வையுங்கள். ஸ்பைரல் விக்டோரியா காலத்துக்குப் பிந்தியது, ஆனால் வெளியே தெரியாது, உடம்புக்கு இதம். வாங்கும்போதே அளவாக வெட்டி முனைக்கு மூடி போட்டதை வாங்குங்கள். நீங்களே வெட்டினால் முனையை அரத்தால் தேய்த்து மூடி போட வேண்டும், இல்லையென்றால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு கம்பியும் அதன் குழாயைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருக்கட்டும். மாதிரிக்கு மட்டும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அகலமான கேபிள் டையை வெட்டி வைத்துக்கொள்ளலாம், அது வியக்கத்தக்க அளவுக்கு வேலை செய்யும்.

முன்பக்கம் திறந்து மூட இரண்டு எஃகுப் பட்டைகள் வரும், பெயர் பஸ்க். ஒன்றில் குமிழ், மற்றதில் வளையம். போடுபவருக்கு வலப்பக்கம் வளையம், இடப்பக்கம் குமிழ். வளையங்கள் வெளியே வரத் தையலில் இடைவெளி விட்டுத் தைக்க வேண்டும். குமிழ் வரும் இடத்தில் கத்தரியால் ஓட்டை போடாமல் குத்தூசியால் நூல்களை விலக்கி வெளியே எடுங்கள். பஸ்க்கை ஒட்டித் தைக்க ஜிப் தைக்கும் பாதத்தைப் போடுங்கள், 100-ம் நம்பர் ஊசி, மெதுவான ஓட்டம். எஃகில் பட்ட ஊசி உடைந்து என் கன்னத்தில் தெறித்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தையுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஐலெட்டும் அப்படித்தான். இடுக்கி போன்ற கருவியோடு வரும் மலிவுப் பெட்டி வேண்டாம். அதில் வரும் ஐலெட்டுக்குப் பின்பக்க வளையம் கிடையாது, இறுக்கிய முதல் நாளே நாலைந்து பிய்ந்து வந்துவிட்டன. இரண்டு துண்டாக வரும் 5 மில்லிமீட்டர் ஐலெட், சுத்தியலால் அடிக்கும் அச்சு, அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகை, இவ்வளவு போதும். இங்கும் துளையை வெட்டாமல் குத்தூசியால் நெம்பி விரியுங்கள், நூல் அறுபடாமல் ஐலெட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். காஜா எடுக்கத் தெரிந்தவர்கள் கையாலேயே கண் தைத்துவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நெருக்கமான காஜாத் தையலில் தைத்தது உறுதியாக நிற்கும். கயிறு 5 அல்லது 6 மீட்டர் வேண்டும். இடுப்புக்கு நேரே இரண்டு பக்கமும் நீளமான கண்ணி விட்டுக் கோத்தால், கைகளைப் பின்னால் கொண்டுபோய் அதை மட்டும் இழுத்து நாமே இறுக்கிக்கொள்ளலாம். தனியாகச் செய்கிற நமக்கு அதுதான் பெரிய உதவி.

உடம்பைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இடுப்பைக் குறைக்க விலா எலும்பை அறுத்து எடுத்தார்கள் என்ற கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அருங்காட்சியகங்களில் இருக்கும் கார்செட்டின் இடுப்பளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை முதுகில் இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள். அளவாகக் கட்டிய கார்செட் எனக்கு முதுகுக்கு ஆதரவாகவே இருந்தது. ஆனால் மாதிரி ஒன்று தொடையின் மேல்பக்கத்தை அழுத்தியதில் வெளித்தொடை மரத்துப்போனது, கழற்றிய பிறகும் அன்று முழுக்க எறும்பு ஊறுவது போல இருந்தது. அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது, அது அழுந்தினால் அப்படி ஆகும். மரத்துப்போனால், நெஞ்செரிச்சல் வந்தால், மூச்சு முட்டினால் உடனே தளர்த்துங்கள். சாப்பிட்டவுடன் இறுக்காதீர்கள். வீட்டில் ஒரு மணி, இரண்டு மணி என்று போட்டுப் பழகிய பிறகே வெளியே போங்கள். கழற்றும்போது முதலில் முதுகுக் கயிற்றை நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் பஸ்க்கைத் திறக்க வேண்டும். இறுகிய நிலையில் திறக்க முயன்றால் குமிழ் தெறித்துவிடும், பஸ்க்கும் வளைந்துவிடும்.

இவ்வளவையும் கையால்தான் தைக்க வேண்டும், அதுதான் அசல் என்று சிலர் மிரட்டுவார்கள். அதை நம்பி நானும் நீளமான தையல்களைப் பின்தையலில் போட்டு விரல் வீங்கினேன். சிங்கர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை கிடைத்தது 1851-ல். 1870 வாக்கில் வீடுகளிலும் பட்டறைகளிலும் மெஷின் பரவியிருந்தது, கார்செட்டுகள் ஆலையில் மெஷினில் தயாராயின. லெஸ்டர்ஷயரில் மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் இருந்த சிமிங்டன் ஆலையின் கார்செட்டுகளை அந்த மாவட்ட அருங்காட்சியகச் சேகரிப்பில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், மெஷின் தையல் வரிவரியாகத் தெரியும். ஆகவே நீளத் தையலை மெஷினில் ஓட்டுங்கள். வெளியே தெரியும் ஹெம்மிங், கொக்கி, அலங்காரம் இவற்றைக் கையால் செய்யுங்கள். அசலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

பஸ்ஸிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி உள்பாவாடையின் பின்பாதியில் குழாய் குழாயாகத் தைத்து எஃகு வளையக் கம்பியைச் செருகி, உள்ளே நாடாக்களைக் கட்டி இழுத்தால் கம்பி பின்னால் வளைந்து நிற்கும். அதன்மேல் அடியில் கொசுவம் வைத்த உள்பாவாடை ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கம்பியின் கோடு கோடாகக் கவுனில் தெரியும். பஸ்ஸிலின்மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் பாவாடையின் பின்பக்க நீளம் முன்பக்கத்தைவிடக் கணிசமாக அதிகம் வரும். காலணியும் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து தரை வரை சுற்றிலும் பல இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் தட்டை, பக்கங்களில் கீழே போகப் போக அகலும் கலித் துண்டு, கொசுவம் எல்லாம் பின்னால். அடி விளிம்பின் உள்ளே ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டித் துணி வைத்துத் தைத்தால் பாவாடை காலில் சுற்றாது. தரையில் உரசும் ஓரத்துக்கு ஒரு பின்னல் நாடா வைத்துவிடுங்கள், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மேல்சட்டைக்கு வந்தபோதுதான் எனக்கு மறுபடியும் தெம்பு வந்தது, பிளவுஸ் தைத்த அனுபவம் இங்கே முழுதாகக் கைகொடுக்கும். உடம்போடு ஒட்டி நிற்கும் சட்டை, முன்னால் டார்ட், கழுத்திலும் கைக்குழியிலும் மெல்லிய பைப்பிங், உள்ளே பிற்பாடு பிரித்துவிட இடம் விட்ட பக்கத்தையல், எல்லாம் நமக்குத் தெரிந்த வேலை. லைனிங் மட்டும் வேறு மாதிரி. மேல்துணியின் ஒவ்வொரு துண்டையும் அதே அளவு லைனிங் துண்டோடு முதலில் ஓட்டுத்தையலில் இணைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைக்க வேண்டும். சுருக்கம் விழாமல் நிற்பதற்குக் காரணமே அதுதான். தோள் தையல் நமக்குப் போலத் தோளின் உச்சியில் வராது, முதுகுப் பக்கம் சரிந்து விழும். முதுகுத் துண்டு குறுகலாக இருக்கும், கைக்குழியிலிருந்து இடுப்புக்கு வளைந்து வரும் தையல்கள் அதை இன்னும் குறுகலாகக் காட்டும். கை இரண்டு துண்டு, முழங்கையில் மடங்கி இருக்கும். கைக்குழி சின்னதாகவும் மேலே ஏறியும் இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் கை தூக்கும்போது சட்டை முழுக்கத் தூக்கிக்கொள்ளும். கட்டாயம் கார்செட்டின்மேல் அளவு எடுங்கள். உள்ளே இடுப்பில் ஒரு நாடாவை முதுகுத் தையல்களில் பிடித்துத் தைத்து, முன்னால் கொக்கி போட்டுவிட்டால் சட்டை மேலே ஏறாது.

பேட்டர்னைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய கடைகளில் 'விக்டோரியன்' என்று விற்கும் வேஷ உடைப் பேட்டர்ன்களில் பல, கார்செட் இல்லாத இன்றைய உடம்புக்கு, முதுகில் ஜிப் வைத்து, 3 அங்குலம் தொளதொளப்போடு வரைந்தவை. ட்ரூலி விக்டோரியன், லாஃபிங் மூன் போன்ற சிறு நிறுவனங்கள் பழைய வெட்டை வைத்தே வரைகின்றன. ட்ரூலி விக்டோரியனில் முதுகு அளவைத் தனியாக எடுத்து முதுகுத் துண்டைத் தேர்ந்துகொண்டு, மீதி அளவுக்கு முன்துண்டைத் தேர்கிறோம். மார்பு பெரிதாகவும் முதுகு சிறிதாகவும் உள்ளவர்களுக்கு அது மிகவும் பொருந்துகிறது. எனக்கு அந்த முறையில்தான் முதல் தடவையே முதுகு சுருக்கம் இல்லாமல் வந்தது.

கடைசியில் கவுனுக்கு மீட்டர் 8 பவுண்டில் பூப்போட்ட பருத்தி 10 மீட்டர் வாங்கினேன். அந்தப் பாலியஸ்டரில் கவுன் தைக்க மனம் வரவில்லை, கொஞ்சத்தை ஜன்னல் திரையாக்கினேன், மீதி அப்படியே கிடக்கிறது. திருவிழா அன்று வெயில் நன்றாகவே அடித்தது. அத்தனை அடுக்குக்குள்ளும் தாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் எல்லாமே பருத்தி என்பதுதான். உள்ளிருந்து வெளியே வரை ஒவ்வொன்றும் என் கையால் தைத்தது என்ற நினைப்போடு ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வயதான ஒரு அம்மா நிறுத்தி, என் கைக்குழிப் பைப்பிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

உடுத்தும் வரிசை முக்கியம், அதனால் எழுதி ஒட்டி வையுங்கள். காலுறையும் காலணியும் முதலில். கார்செட் கட்டிய பிறகு குனிந்து பூட்ஸ் கட்ட முடியாது. அப்புறம் சிம்மீஸ், டிராயர், கார்செட், பஸ்ஸில், உள்பாவாடை, பாவாடை, மேல்சட்டை. அந்தக் காலத்து டிராயரை நடுவில் தைக்காமல் திறந்தே விட்டிருப்பார்கள். பார்க்க விநோதமாகத் தோன்றும், ஆனால் தயவுசெய்து அதை மூடித் தைத்துவிடாதீர்கள். மூடித் தைத்தால் கழிப்பறையில் கார்செட்டைக் கழற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது. காரில் பஸ்ஸிலோடு நேராகச் சாய்ந்து உட்கார முடியாது. பின் ஸீட்டில் பக்கவாட்டில் திரும்பி, விளிம்பில் உட்கார வேண்டும், அதனால் வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். தூரம் அதிகம் என்றால் பஸ்ஸிலைக் கையில் கொண்டுபோய் அங்கே கட்டிக்கொள்வது நல்லது, நாடாவில் கட்டுவதுதானே, இரண்டு நிமிட வேலை.

வீட்டுக்கு வந்ததும் கார்செட்டைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். கயிற்றைத் தளர்த்தி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நாற்காலி முதுகில் ஒரு ராத்திரி காயப் போடுங்கள். எஃகு துருப்பிடிக்கும் என்பதால் வாஷிங் மெஷினில் போடவே கூடாது. அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பாவாடையின் அடி விளிம்பைக் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டினால் மண் உதிர்ந்துவிடும். பின்னல் நாடா பிரிந்திருந்தால் அன்றைக்கே இரண்டு தையல் போட்டுவிடுங்கள், அடுத்த முறை நடக்கும்போது குதிகால் அதில் மாட்டும்.